5 டாலர் டிக்கெட், ஒப்பந்தமே இல்லாத லேபிள்: வாஷிங்டனின் குட்டி இசைக்குழுக்கள் போட்டி போடாமல் பிழைத்தது எப்படி?

ஒரு ஊரில் பத்து இசைக்குழுக்கள் இருக்கின்றன. எல்லாரும் பள்ளி, கல்லூரி வயசுப் பசங்க. வாசிக்க இடம் ஒன்றோ இரண்டோதான். கேட்க வருகிற கூட்டமும் திரும்பத் திரும்ப அதே நூறு, இருநூறு பேர். இந்த நிலைமையில் என்ன நடக்கும்? ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிவிடுவார்கள் என்றுதான் நமக்குத் தோணும்.

1980-களில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யில் நடந்தது வேற. கலைந்துபோன ஒரு குழுவின் கையிருப்பில் ஒரு லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம், தொடங்கியது. ஒரு தட்டு விற்ற காசில் அடுத்த குழுவின் தட்டு வந்தது. ஒரு குழு வாசிக்கும்போது மற்ற குழுக்கள் கீழே ரசிகர்களாக நின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த லேபிள் இன்னும் கடையைத் திறந்து வைத்திருக்கிறது.

இது எப்படி சாத்தியமாச்சு? எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள் என்பதாலா? கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் அதை விடப் பெரிய காரணம், காசையும் இடத்தையும் அவர்கள் கையாண்ட விதம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

யார் இவர்கள்?

இவர்கள் வாசித்தது பங்க் ராக். அதிலும் 'ஹார்ட்கோர்' என்ற வகை. பாட்டு ஒன்று, ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். வேகம் அதிகம், சத்தம் அதிகம். மூணு கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறிவிடலாம். இந்த இசை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம்ம வீட்டில் போட்டால் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரும். நாம் பார்க்க வேண்டியது அந்த இசையைச் சுற்றி அவர்கள் கட்டிய ஏற்பாட்டை.

1980-ல் வாஷிங்டனில் இசைத்துறை என்று சொல்லிக்கொள்ள பெரிதாக எதுவும் இல்லை. பெரிய இசை நிறுவனங்கள் எல்லாம் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இருந்தன. வாஷிங்டன் என்றால் அரசாங்க ஊழியர்கள், வக்கீல்கள், செனட்டர்கள். அங்கே ஒரு பங்க் குழுவைத் தேடி எந்த நிறுவனத்து ஆளும் வரப்போவதில்லை என்பது அந்தப் பசங்களுக்கே தெரியும்.

இங்கேதான் முதல் விஷயம் இருக்கிறது. பந்தயம் நடக்க வேண்டுமானால் பரிசு ஒன்று இருக்க வேண்டும். பரிசே இல்லாத ஊரில் யாரை முந்துவது? இருக்கிற நூறு ரசிகர்களில் பாதிப் பேர் வேறு ஏதோ ஒரு குழுவில் வாசிக்கிறவர்கள். பக்கத்துக் குழு கலைந்துபோனால் நம்ம கூட்டத்தில் நாலைந்து பேர் குறைவார்கள். நம்ம கிதார் ஆம்ப் ரிப்பேர் ஆனால் கடன் வாங்கவும் ஆள் இருக்காது.

கலைந்த குழுவின் கையிருப்பு

இயன் மெக்கை, ஜெஃப் நெல்சன் இருவரும் வாஷிங்டனில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நேதன் ஸ்ட்ரெய்செக், ஜார்டி கிரிண்டில் ஆகியோருடன் சேர்ந்து 'டீன் ஐடில்ஸ்' என்ற குழுவை 1979-ல் ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம்தான் அது ஓடியது. 1980 நவம்பரில் கடைசிக் கச்சேரி.

அந்த ஒரு வருஷம் கச்சேரிகளில் கிடைத்த காசை அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. பொதுவில் போட்டு வைத்திருந்தார்கள். குழு கலையும்போது கையில் சில நூறு டாலர் இருந்தது. நாலு பேரும் பங்கு போட்டிருந்தால் ஆளுக்கு ஒரு கிதார் பெடல் வாங்கும் காசு வந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த எட்டுப் பாட்டுகளை ஒரு ஏழு அங்குலத் தட்டாகப் போட்டார்கள். இல்லாமல் போன ஒரு குழுவின் தட்டு! அதை வெளியிட மெக்கை, நெல்சன், ஸ்ட்ரெய்செக் தொடங்கியதுதான் 'டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்'. முதலில் அச்சானது 1,000 பிரதிகள்.

போட்ட காசு திரும்பி வந்தால் அடுத்த நண்பர்களின் தட்டைப் போடலாம் என்பதுதான் திட்டம். நம்ம ஊர் ஏலச்சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காது, முறை வைத்து வரும். ஒரே வித்தியாசம், இங்கே தள்ளுக் கழிவும் இல்லை, சீட்டு கம்பெனியும் இல்லை.

ஆனால் காசு உடனே திரும்பவில்லை. இரண்டாவது தட்டு 'எஸ்.ஓ.ஏ.' என்ற குழுவுடையது. அதன் பாடகர் ஹென்றி கார்ஃபீல்டு அப்போது ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு டீன் ஐடில்ஸ் குழுவுக்குச் சாமான் தூக்கிப் போட்ட நண்பர். தட்டுக்கான செலவை அவரே தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தார். அவர்தான் பிறகு ஹென்றி ராலின்ஸ் என்ற பெயரில் கலிபோர்னியாவின் 'பிளாக் ஃபிளாக்' குழுவுக்குப் போய் உலகம் முழுக்கத் தெரிந்தவர் ஆனார்.

1981-ல் மெக்கையும் நெல்சனும் இருந்த அடுத்த குழுவான 'மைனர் த்ரெட்'டின் தட்டு வந்தது. அது ஓடியது. 1982-ல் 'ஃபிளெக்ஸ் யுவர் ஹெட்' என்று ஒரு தொகுப்புத் தட்டைப் போட்டார்கள். அதில் வாஷிங்டன் பகுதியைச் சேர்ந்த 11 குழுக்கள் இருந்தன. சில குழுக்கள் அதற்குள் கலைந்தே போயிருந்தன. ஒரு குழுவுக்காக வாங்கியவர் மற்ற பத்தையும் கேட்டார். தனித்தனியாகப் போட்டிருந்தால் அந்தப் பத்தில் பலவற்றை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

கத்தரிக்கோல், பசை, ஒரு பேஸ்மென்ட்

தட்டு போடுவது எப்படி என்று இவர்கள் யாருக்கும் தெரியாது. பக்கத்து மேரிலாந்தில் ராக்வில் என்ற ஊரில் 'யெஸ்டர்டே அண்ட் டுடே' என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஸ்கிப் கிராஃப் தனக்குத் தெரிந்ததை இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்தத் தொழிற்சாலையில் தட்டு அடிப்பார்கள், என்ன செலவாகும் என்பதெல்லாம் அவர் வழியாக வந்த அறிவு. அவரும் சின்னதாக ஒரு லேபிள் நடத்தியவர்தான். போட்டியாளர் உருவாகிறார் என்று மறைத்து வைக்கவில்லை.

தட்டின் உறைக்கு அச்சகத்தில் தனியாகக் காசு கேட்டார்கள். அதனால் ஏற்கெனவே வாங்கிய ஒரு தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதன் வடிவத்தை அப்படியே பார்த்து வரைந்து, பெரிய தாளில் அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை போட்டு ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கில்! யார் வீட்டுக்கு வந்தாலும் பேசிக்கொண்டே உறை ஒட்ட வேண்டும். வெட்டிப் பேச்சுக்கு உட்கார்ந்தவர்களும் அன்றைக்கு லேபிள் ஊழியர்கள்தான்.

பதிவு செய்ய ஸ்டுடியோ? ஆற்றைத் தாண்டி விர்ஜீனியாவின் அர்லிங்டனில் டான் ஜியென்டாரா என்ற ஒலிப்பதிவாளர் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் 'இன்னர் இயர்' என்ற ஸ்டுடியோவை வைத்திருந்தார். ஊரின் பங்க் குழுக்கள் பெரும்பாலும் அங்கேதான் பதிவு செய்தன. ஒரே ஆள், ஒரே அறை என்பதால் ஒவ்வொரு தடவையும் கற்றுக்கொண்டது அடுத்த குழுவுக்கும் உதவியது. மெக்கையே பிறகு நிறைய குழுக்களின் பதிவுகளுக்கு அங்கே உட்கார்ந்து வேலை செய்தார்.

இதற்கெல்லாம் முன்னோடி என்று ஒரு குழுவைச் சொல்ல வேண்டும். 'பேட் பிரெய்ன்ஸ்'. கறுப்பின இளைஞர்கள் நால்வர். வாசிப்பில் மற்றவர்களை விடப் பல மடங்கு தேறியவர்கள், வயதிலும் கொஞ்சம் மூத்தவர்கள். அவர்கள் கையில் கருவிகள் இல்லாத ஒரு கட்டத்தில் டீன் ஐடில்ஸ் பசங்களின் ஆம்ப், டிரம்ஸை வைத்துப் பயிற்சி செய்தார்கள். பசங்களுக்கு அது இலவச வகுப்பு. கருவி கொடுத்தவர்களுக்கு வித்தை கிடைத்தது. யார் யாருக்கு உதவினார்கள் என்று கணக்குப் பார்த்தால் குழம்பிவிடும்.

கையில் X குறி

சின்னப் பசங்களுக்கு இருந்த பெரிய பிரச்சினை, கச்சேரிகள் நடக்கும் கிளப்புகள் எல்லாம் மது விற்கும் இடங்கள். வயசு வராதவர்களை உள்ளே விட மாட்டார்கள். மேடையில் வாசிக்கிறவருக்கே வயசு வரவில்லை என்றால் அவர் நண்பர்கள் எப்படிக் கேட்பது?

1980-ல் டீன் ஐடில்ஸ் கலிபோர்னியாவுக்குப் பஸ் பிடித்துப் போனபோது சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கிளப் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. வயசு வராதவர்களின் கையில் பெரிதாக X போட்டுவிடுவார்கள். அந்தக் கையைப் பார்த்தால் பாரில் மது கொடுக்க மாட்டார்கள், ஆனால் பாட்டு கேட்கலாம். ஊர் திரும்பியதும் இதையே வாஷிங்டனின் 9:30 கிளப்பில் சொல்லிப் பார்த்தார்கள். ஒப்புக்கொண்டார்கள். டீன் ஐடில்ஸ் தட்டின் அட்டையில் இருப்பதும் X போட்ட இரண்டு கைகள்தான்.

கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கலாம். ஆனால் இந்த ஒரு பேனா மையால்தான் பதினைந்து, பதினாறு வயசுப் பசங்க உள்ளே வந்தார்கள். வந்தவர்களில் பலர் அடுத்த வருஷமே தாங்களும் ஒரு குழு ஆரம்பித்தார்கள். டெக்சாஸின் ஆஸ்டினைச் சேர்ந்த 'பிக் பாய்ஸ்' குழு கச்சேரி முடிகிறபோது, நீங்களும் போய் ஒரு குழு ஆரம்பியுங்கள் என்று கூட்டத்திடம் சொல்வது வழக்கம். வியாபாரக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம், சொந்த வாடிக்கையாளரைப் போட்டியாளராக மாற்றும் வேலை.

அதே பிக் பாய்ஸ் 1983 செப்டம்பரில் வாஷிங்டன் வந்தபோது மேடையில் மூன்று குழுக்கள். பிக் பாய்ஸ், மைனர் த்ரெட், கூடவே 'டிரபிள் ஃபங்க்'. டிரபிள் ஃபங்க் வாசிப்பது 'கோ-கோ'. தாளம் நிற்காமல் ஓடும், வாஷிங்டனின் கறுப்பின மக்களுக்கே உரிய இசை. ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கூட்டங்கள் அன்றைக்கு ஒரே கூரைக்குக் கீழே நின்றன. மைனர் த்ரெட் குழுவின் கடைசிக் கச்சேரியும் அதுதான்.

லேபிள் கணக்கு: அட்வான்ஸ் என்றால் என்ன?

பெரிய நிறுவனத்தில் ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும்? ஒரு குழுவுக்கு முதலில் அட்வான்ஸ் கிடைக்கும். லட்சக்கணக்கில் கூட இருக்கலாம். ஆனால் அது சம்பளம் கிடையாது. அந்தக் குழுவின் ராயல்டியிலிருந்து பிற்பாடு கழித்துக்கொள்ளப்படும் முன்பணம். ஸ்டுடியோ செலவும் பெரும்பாலும் அதே கணக்கில் ஏறும். வீடியோ, டூர் செலவுகளில் ஒரு பகுதியும் அதில் சேர்வது உண்டு. அது கழிந்து முடியும் வரை தட்டு எவ்வளவு விற்றாலும் குழுவின் கைக்குக் காசு வராது. பல குழுக்களுக்குக் கடைசி வரை வந்ததே இல்லை. பதிவுகளின் உரிமையும் வழக்கமாக நிறுவனத்திடம் போய்விடும்.

ஒரு நிறுவனத்தில் இப்படி நூறு குழுக்கள் இருக்கும். விளம்பரத்துக்கான காசு ஐந்து குழுக்களுக்குத்தான் போகும். அந்த ஐந்தில் ஒன்றாக வந்தாக வேண்டும். போட்டி இங்கே தானாகவே உண்டாகிறது. யாரும் கெட்டவர்களாக இருக்கத் தேவையே இல்லை.

டிஸ்கார்டில் அட்வான்ஸ் இல்லை, எழுத்து ஒப்பந்தமும் இல்லை. வாய்ப்பேச்சுதான். பதிவுக்குச் செலவு குறைவு, அதனால் சீக்கிரம் ஈடாகிவிடும், பிறகு வருவது பகிர்வு. வாஷிங்டன் பகுதிக் குழுக்களை மட்டும்தான் வெளியிடுவது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வெளியூரில் நன்றாக ஓடுகிற குழுவைப் பிடித்துப் போட்டால் காசு வரும்தான். ஆனால் அந்த ஊரில் இன்னொரு சின்ன லேபிள் இருக்கும் இல்லையா? அவர்கள் பிழைப்பில் கை வைக்கவில்லை.

ஊருக்குள்ளேயும் அதே கதை. டிஸ்கார்டால் எல்லாக் குழுக்களையும் வெளியிட முடியாது. அதனால் சிலருடைய தட்டுகளை அவர்களுடைய சொந்த லேபிளும் டிஸ்கார்டும் சேர்ந்து வெளியிட்டன. அர்லிங்டனில் ஜென்னி டூமி, கிறிஸ்டின் தாம்சன் என்ற இரண்டு பெண்கள் நடத்திய 'சிம்பிள் மெஷின்ஸ்' லேபிள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. தட்டு அடிப்பது, அட்டை அச்சிடுவது, கடைகளுக்கு அனுப்புவது என்று தாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை எல்லாம் ஒரு சிறு கையேடாக அச்சிட்டு விற்றார்கள். தொழில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதை ஸ்டேப்ளர் பின் அடித்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

சரி, வாய்ப்பேச்சு எப்போதும் கைகொடுக்குமா? இல்லை. சிகாகோவில் 'டச் அண்ட் கோ' என்ற லேபிள் இருந்தது. லாபத்தில் பாதிக்குப் பாதி, கை குலுக்கினால் போதும் என்பதே அதன் நடைமுறை. 1990-களில் அதன் குழுக்களில் ஒன்றான 'பட்ஹோல் சர்ஃபர்ஸ்' அதிகப் பங்கு கேட்டது. லேபிள் மறுத்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. எழுத்தில் கால வரையறை இல்லாததால் குழு எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தீர்ப்பு வந்தது, 1999-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. நம்பிக்கையில் கொடுத்தால் எழுதி வாங்க வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் இந்த வழக்கையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டூர் போனால் தங்குவது எங்கே?

உள்ளூரில் சரி. வெளியூரில் யார் கச்சேரி ஏற்பாடு செய்வார்கள்? ஏஜென்ட் வைக்கக் காசு இல்லை. 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பிளாக் ஃபிளாக், டெட் கென்னடிஸ், கனடாவின் டி.ஓ.ஏ. போன்ற குழுக்கள்தான் ஊர் ஊராக வேனில் போய் வழி கண்டுபிடித்தன. எந்த ஊரில் எந்த ஹால் கிடைக்கும், யாரை நம்பலாம், யார் காசு கொடுக்காமல் ஓடுவார்கள், யார் வீட்டுத் தரையில் படுக்கலாம் என்பதெல்லாம் போன் நம்பர்களாக நோட்டுப் புத்தகங்களில் சேர்ந்தன. அந்த நம்பர்களை மற்ற குழுக்களுக்கும் கொடுத்தார்கள்.

நம்ம ஊர் மொய் மாதிரிதான் இது நடந்தது. இன்றைக்கு அந்த ஊர்க் குழு நம்ம வீட்டு ஹாலில் படுத்துத் தூங்கி, நம்ம அம்மா செய்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். ஆறு மாசம் கழித்து நாம் அங்கே போகும்போது அவர்கள் கச்சேரி ஏற்பாடு செய்வார்கள். நோட்டில் யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் யார் செய்யவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மொய்யில் இருக்கிற அந்த மெல்லிய மிரட்டல் இதிலும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை.

ஃபுகாசியின் 5 டாலர்

1987 செப்டம்பரில் 'ஃபுகாசி' என்ற குழு தன் முதல் கச்சேரியை நடத்தியது. இயன் மெக்கை, ஜோ லாலி, பிரெண்டன் கேன்டி, அவர்களோடு பிறகு சேர்ந்த கை பிச்சியோட்டோ. வாஷிங்டனிலிருந்து கிளம்பியதில் உலகம் முழுக்கப் பெரிய பெயர் எடுத்த குழு இது.

ஃபுகாசி வைத்துக்கொண்ட விதிகள் இன்றைக்கும் ஆச்சரியமாகப் பேசப்படுகின்றன. டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். எந்த வயசுக்காரரும் வரலாம். மேனேஜர் இல்லை, ஏஜென்ட் இல்லை. டி-ஷர்ட் விற்பனைகூட இல்லை. தட்டின் அட்டையிலேயே தபால் செலவோடு விலை இவ்வளவு என்று அச்சிட்டார்கள், கடைக்காரர் கூட்டி விற்றால் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும்.

5 டாலர் என்பது வெறும் கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். ஏஜென்ட் கமிஷன் இல்லை, ஆடம்பர ஹோட்டல் இல்லை, சர்ச் ஹால், பள்ளி அரங்கம் மாதிரி வாடகை குறைந்த இடங்கள். செலவு குறைந்தால் டிக்கெட் குறையும், டிக்கெட் குறைந்தால் தெரியாத குழுவையும் போய்ப் பார்க்கலாம் என்று ஆள் வரும். 1987 முதல் 2002 வரை 1,000-க்கும் மேற்பட்ட கச்சேரிகளை அவர்கள் நடத்தினார்கள். சொந்த ஊரில் வாசித்தது பெரும்பாலும் நன்கொடை திரட்டவோ இலவசமாகவோதான்.

அந்த நன்கொடைக் கச்சேரிகளை நடத்தியது 'பாசிட்டிவ் ஃபோர்ஸ்' என்ற தன்னார்வக் குழு. மார்க் ஆண்டர்சன் உள்ளிட்ட இளைஞர்கள் 1985-ல் தொடங்கியது. வசூலான காசு இலவச மருத்துவமனைக்கும் வீடற்றவர்களுக்கான அமைப்புகளுக்கும் போனது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போருக்கு எதிராக வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில் ஃபுகாசி வாசித்ததும் இவர்களோடு சேர்ந்துதான்.

ஃபுகாசி தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. அதனால் டிஸ்கார்டுக்கு ஒரு வசதி கிடைத்தது. சில ஆயிரம் மட்டுமே விற்கக்கூடிய குழுக்களையும் பயமில்லாமல் வெளியிட முடிந்தது. நல்லா ஓடுகிற அண்ணன் சம்பாத்தியத்தில் தம்பி படிக்கிற குடும்பக் கதைதான் இது.

உள்ளே யார், வெளியே யார்?

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் சரியாக இருக்காது. நண்பர்கள் நண்பர்களுக்கு உதவும் ஏற்பாட்டில், நண்பர் வட்டத்துக்குள் வராதவருக்கு என்ன கிடைக்கும்?

1981-ல் வாஷிங்டனில் 'சாக் சர்க்கிள்' என்று ஒரு குழு இருந்தது. முழுக்கப் பெண்கள். அவர்கள் இயங்கிய காலத்தில் டிஸ்கார்ட் அவர்களின் தட்டு எதையும் போடவில்லை. அவர்களுடைய பாட்டுகள் தொகுப்பாக வந்தது 2011-ல்தான், அதுவும் வேறு லேபிள்கள் வழியாக. அந்தக் குழுவில் இருந்த ஷாரன் செஸ்லோவும், குழுவில் இல்லாத சிந்தியா கானலி, லெஸ்லி கிளேக் ஆகியோரும் சேர்ந்து தொகுத்த புகைப்படப் புத்தகம் 'பேன்டு இன் டி.சி.' 1988-ல் வந்தது. அந்த ஊரின் ஆரம்ப வருஷங்களை இன்றைக்கு நாம் பார்க்க முடிவதற்கு அந்தப் புத்தகம் பெரிய காரணம். மேடையில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாருடைய நினைவையும் காப்பாற்றினார்கள்.

கச்சேரிகளில் தள்ளுமுள்ளும் அடிதடியும் அதிகமானபோது பெண்கள் பின்சுவருக்குத் தள்ளப்பட்டார்கள். 1991 கோடையில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரிலிருந்து 'பிகினி கில்' குழு தலைநகருக்கு வந்து தங்கியது (பெயர்தான் ஒன்று, மாநிலம் நாட்டின் மறுகோடியில் இருக்கிறது). உள்ளூர்ப் பெண்களோடு சேர்ந்து அவர்கள் கூட்டங்கள் நடத்தினார்கள், ஜெராக்ஸ் இதழ்கள் போட்டார்கள். அதுதான் 'ரயட் கேர்ள்' இயக்கம். பெண்கள் முன்னால் வந்து நிற்கட்டும் என்று பாடகி கேத்லீன் ஹன்னா மேடையிலிருந்தே சொல்வார். அவர்களுடைய முதல் தட்டின் பாட்டுகளில் பெரும்பகுதியை இன்னர் இயரில் பதிவு செய்து கொடுத்தவர் மெக்கை. ஏற்பாடு இருந்தது, ஆனால் கதவைத் தட்டித் திறக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, வீட்டில் கீழ்த்தளமும், பையன் சத்தம் போட்டாலும் பொறுத்துக்கொள்ளும் பெற்றோரும் இருந்தவர்களுக்கு இது சுலபம். வாஷிங்டனில் அப்போது பெரும்பான்மை கறுப்பின மக்கள். ஆனால் இந்த வட்டத்தில் அவர்கள் சிறுபான்மை. பேட் பிரெய்ன்ஸ் குழுவும் வாசிக்க இடம் கிடைக்காமல் நியூயார்க்குக்குப் போய்விட்டது.

பரிசு வந்தபோது

1991 செப்டம்பரில் நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத இசைக்குப் பெரிய நிறுவனங்கள் பெட்டியோடு அலைந்தன. ஃபுகாசியையும் கேட்டார்கள். அவர்கள் போகவில்லை.

டிஸ்கார்டிலிருந்து 'ஜாபாக்ஸ்' அட்லாண்டிக் நிறுவனத்துக்கும், 'ஷடர் டு திங்க்' எபிக் நிறுவனத்துக்கும் போயின. 1994-ல் இரண்டு குழுக்களின் ஆல்பங்களும் வந்தன. ஊரில் முணுமுணுப்பு இருந்தது. துரோகம் என்று பேசியவர்களும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் இல்லாததால் பிடித்து வைக்கவும் வழியில்லை, வழக்குப் போடவும் எதுவுமில்லை. போகிறவர் போகலாம்.

பெரிய நிறுவனத்தில் இரண்டு ஆல்பத்துக்குப் பிறகு ஜாபாக்ஸ் 1997-ல் கலைந்தது. அக்குழுவின் கிம் கொலெட்டா, பில் பார்பாட் இருவரும் 'டிசோட்டோ' என்ற சொந்த லேபிளைத் தொடர்ந்து நடத்தினார்கள். 2009-ல் அட்லாண்டிக்கில் வந்த அதே ஆல்பம் மறுபடி வெளியானது. வெளியிட்டவை டிசோட்டோவும் டிஸ்கார்டும்.

இப்போ என்ன நிலைமை?

ஃபுகாசி 2002 நவம்பரில் லண்டனில் கடைசியாக வாசித்தது. அதன்பின் நால்வரும் மேடையில் அந்தப் பெயரில் வரவில்லை. இன்னர் இயர் ஸ்டுடியோ 1990-ல் வீட்டிலிருந்து தனிக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. அந்த இடத்தை அர்லிங்டன் நிர்வாகம் வாங்கியதால் 2021-ல் அதை மூட வேண்டி வந்தது. ஊரில் வாடகை ஏறிவிட்டது. நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, கீழே வாசித்து, மேலே தூங்கிய அந்தக் கணக்கு இன்றைய வாஷிங்டனில் செல்லாது. இந்த ஏற்பாட்டின் உண்மையான முதலீடு மலிவான வீடுகள்தான் என்று இப்போது திரும்பிப் பார்த்தால் தெரிகிறது.

வடமேற்கு வாஷிங்டனில் ஃபோர்ட் ரெனோ என்ற பூங்காவில் 1968-லிருந்து கோடைக் கச்சேரிகள் நடக்கின்றன. நுழைவு இலவசம், உள்ளூர்க் குழுக்கள்தான் வாசிக்கும். 2014-ல் போலீஸ் பாதுகாப்புச் செலவைக் கட்டச் சொன்னதால் அந்த வருஷக் கச்சேரிகள் ரத்தாகும் நிலை வந்தது. பிறகு பேசி முடித்து நடத்தினார்கள். அதே ஆண்டில் வாஷிங்டன் பொது நூலகம் பங்க் ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடங்கியது. பழைய நோட்டீஸ்கள், ஜெராக்ஸ் இதழ்கள், கேசட்டுகள் எல்லாம் அரசு நூலக அலமாரிக்குப் போயின.

ஃபுகாசியின் கச்சேரிகளில் பலவற்றை அவர்களுடைய ஒலிப்பதிவாளர்கள் வருஷக்கணக்கில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 முதல் அவற்றை டிஸ்கார்ட் தன் இணையதளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றியது. நூற்றுக்கணக்கான கச்சேரிகள், சிலது ஒலி தெளிவாக, சிலது கேசட்டில் பிடித்த மாதிரி. எந்த ஊர், எந்தத் தேதி, கூட வாசித்த குழுக்கள் யார் யார் என்பதும் பல கச்சேரிகளுக்குக் கூடவே இருக்கும். கூடவோ குறைத்தோ உங்கள் வசதிப்படி கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொல்கிற விலை 5 டாலர்.